பசிக்காத குதிரைப்படை

சேற்றுக்காரர்களை விளையாட்டிலிருந்து தூக்கிவிடலாம் என்று முதலாளியம்மா சொன்னபோது, அவர்களைப் பெற்றவள் நாற்காலி கிடைக்காமல் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

பெற்றவள் என்பது மிகையில்லை. சேற்றுக்காரர்களின் சப்பை மூக்கு, முழங்கால் வரை வழியும் பச்சைச் சேறு, நாணல் ஈட்டி, தண்ணீரில் மிதக்கும் குடிசை எல்லாமே அவள் வரைந்தவை. ஆபீஸில் அவளுக்குச் சேற்று ராணி என்று பெயர். யாரோ கேலியாக வைத்தது, ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் வெறும் ராணிதான்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குளியலறை ஓடுகள் விற்கும் கடைக்கு மேலே இரண்டு மாடி ஏறினால் ஒரு நீளமான கூடம், ஒரு கூட்ட அறை, சொட்டுகிற ஏ.சி., அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அங்கே உட்கார்ந்துதான் ஒரு கூட்டம் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தது. பெயர் 'நாலு கொடி'. ஒரு கற்பனை பூமி, அதில் நாலு இனம். குதிரைக்காரர்கள், மலைக்காரர்கள், காட்டுக்காரர்கள், சேற்றுக்காரர்கள். வரைபடம் முழுக்க ஆறு பக்கக் கட்டங்கள். ஒரு முறை நீ, ஒரு முறை நான் என்று மாறி மாறி ஆட வேண்டும். கட்டத்தில் கொடி நட்டால் அது உன் மண். எதிரியின் தலைநகர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

"நாலு கொடின்னு பேர் வெச்சுட்டு மூணு கூட்டம் இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார் சத்தக்காரர். விளையாட்டின் ஓசைகளையெல்லாம் பதிவு செய்கிறவர். சேற்றில் நடக்கும் சத்தத்துக்காக ஈரத் துண்டை வாளியில் அடித்து அடித்துத் தோள்பட்டை பிசகிக் கிடந்தவர்.

"மூணு கொடின்னு மாத்திட்டாப் போச்சு" என்றான் ஜாக்கி.

ஜாக்கி விதிகளை எழுதுகிறவன். எந்தப் படை எவ்வளவு தூரம் போகும், எந்தச் சண்டையில் யார் சாவார்கள் என்று கணக்குப் போட்டு வைப்பது அவன் வேலை. எப்போது ஆடினாலும் குதிரைக்காரர்களைத்தான் எடுப்பான். அதனால்தான் அந்தப் பெயர். குதிரைக்காரர்கள் ஒரு முறைக்கு இரண்டு கட்டம் பிடிக்கலாம். சேற்றுக்காரர்கள் ஒன்றுதான், அதுவும் தங்கள் மண்ணை ஒட்டிய கட்டமாக இருக்க வேண்டும். முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரு முறை காத்திருந்து, ஈரமான பிறகே கொடி நடலாம். நத்தை வேகம்.

"இந்த ஆபீஸ்ல ஒரு தடவையாவது சேத்துக்காரங்க ஜெயிச்சதை யாராவது பார்த்திருக்கீங்களா?" என்றாள் முதலாளியம்மா. "பார்த்தவங்க கை தூக்குங்க."

சத்தக்காரரின் கை பாதி உயர்ந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"பார்த்தீங்களா? தோத்துக்கிட்டே இருக்கிற கூட்டத்தை எவன் எடுத்து ஆடுவான்? இவங்களுக்காகப் படம், இவங்களுக்காகச் சத்தம், இவங்களுக்காகச் சோதனை. எல்லாரோட உழைப்பும் சேத்துல போகுது. எனக்கும் ஆசைதான் ராணி. ஆனா ஆசைக்கு வெச்சுக்க இது வீட்டுப் பூனை இல்ல."

ராணி ஜன்னல் விளிம்பிலிருந்து இறங்கினாள். இரண்டு வருஷத்து வேலை. அதைத் தூக்கிப் போட்டால் அவளையும் தூக்கிப் போடுவார்கள் என்றில்லை. குதிரைகளுக்குச் சேணம் வரையச் சொல்வார்கள். ஆனால் சப்பை மூக்குக்காரர்கள் ஒரு ஆளின் கையில்கூடப் போய்ச் சேராமல் அழிந்துபோவார்கள். அதை அவளால் ஏற்க முடியவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் குடுங்க மேடம். எல்லார் முன்னாடியும்."

"யாரோட?"

"ஜாக்கியோட."

ஜாக்கி தன் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான். "நேத்துதானே மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்க? இன்னும் காயலையே அது."

"சேறு காயாது" என்றாள் ராணி.

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம், இந்த ரூம், பெரிய திரை. நீங்க ஜெயிச்சா சேத்துக்காரங்க இருக்கட்டும். தோத்தா அன்னிக்கே எடுத்துடுவோம். அப்புறம் என் ரூம் வாசல்ல வந்து மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. இன்னொண்ணு, கடைக்குப் போற வெர்ஷன்லயே ஆடுங்க. அது ஒழுங்கா ஓடுதான்னு நானும் பார்த்துக்கறேன்."

ஆபீஸில் எல்லோரும் தினமும் ஆடுவது சோதனை வெர்ஷன். அதை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. வீட்டில் ஆட வேண்டுமானால் கடை வெர்ஷன்தான். இரண்டும் ஒன்றுதான் என்பது எல்லோருடைய நினைப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் ராணி வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரைப் பிடித்து உட்கார வைத்தாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்கிற வேலையில் இருப்பவள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து ராணிக்கு ஆட்டத் துணை அவள்தான். கணவனுக்கு இதில் ஈடுபாடு கிடையாது. ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கே கோல் போடணும்?" என்று கேட்டவன்.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கக் காத்திருந்த துணிகளை ஓரம் தள்ளிவிட்டு லேப்டாப்பை வைத்தார்கள்.

"இன்னிக்கு நீ ஜாக்கி" என்றாள் ராணி. "அவரை மாதிரியே ஆடணும். யோசிக்காத. ரெண்டு ரெண்டு கட்டமா அள்ளிக்கிட்டே போ. எங்கேயும் நிக்காத."

"தள்ளுபடி விற்பனைக்குப் போற மாதிரிதானே? அது எனக்கு வரும் அண்ணி."

வரத்தான் செய்தது. நாத்தனார் கை ஓயாமல் கொடி நட்டுக்கொண்டே போனாள். ஆற்றைத் தாண்டினாள், காட்டை வளைத்தாள், ராணியின் ஈரமான கட்டங்களையும் மேய்ந்தாள். பிறகு திடீரென்று கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"நான் எழுந்துக்கறேன். என் ஆளுங்க செத்துக்கிட்டு இருக்காங்க."

"எப்பவும் இப்படியே பாதில எழுந்து போயிடற. நீ ஒழுங்கா ஆடலை. ஜாக்கி இப்படியா சாக விடுவார்?"

"நீங்க சொன்னபடிதான் அண்ணி ஆடினேன். ஒரு கட்டம்கூட நிக்கலை." நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் திரையைத் தொட்டுக் காட்டினாள். "பாருங்க, இவன் தலை மேல சிவப்புக் கிண்ணம். இதோ இவனுக்கும். இவ்வளவு தூரத்துல நிக்கறவனுக்கு எங்கேயிருந்து சாப்பாடு வரும்? ஈரக் கட்டத்துல ஒரு மணி தானியம் விளையாது. உங்க ஜாக்கியோட ஆளுங்க மட்டும் என்ன, காத்தைக் குடிச்சுக்கிட்டா நிக்கறாங்க?"

ராணி திரைப் பக்கம் குனிந்தாள்.

சிவப்புக் கிண்ணம். அவளே வரைந்தது. பிடித்த கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு காவல்காரன் நிற்பான். அவன் சாப்பிட வேண்டும். தலைநகரிலிருந்து தள்ளிப் போகப் போக அவனுக்குத் தானியம் கொண்டு சேர்ப்பது கடினம். கிடைக்காவிட்டால் தலைக்கு மேல் காலிக் கிண்ணம் தோன்றும். பலம் பாதியாகக் குறையும். பிறகு செத்துப்போவான். நாடு பிடிப்பவன் கண்டபடி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஜாக்கியே எழுதிய விதி.

அந்தக் கிண்ணத்தை ஆபீஸில் கடைசியாக எப்போது பார்த்தோம்?

அவளுக்கு ஞாபகம் வரவில்லை. போன ஆட்டத்தில் ஜாக்கியின் கொடிகள் வரைபடத்தின் விளிம்பு வரை பறந்தன. ஒரு தலை மேல்கூடக் கிண்ணம் இல்லை. அதற்கு முந்தைய ஆட்டத்திலும் இல்லை.

"டிராகன்" என்றாள் ராணி.

"எங்கே?" நாத்தனார் திரையைப் பார்த்தாள்.

"இல்ல, ஆபீஸ்ல. அந்த நெருப்பு கக்கற டிராகன் ஆட்டத்தோட கடைசியில்தானே வரும். அது வர்றதுக்குள்ள படையெல்லாம் பட்டினியில் செத்துப்போய் ஆட்டம் முடிஞ்சிடும். டிராகனைச் சோதிச்சுப் பார்க்கவே முடியலை. அப்ப ஜாக்கி சொன்னார், சோதனை வெர்ஷன்ல கொஞ்ச நாளைக்குப் பசியை அணைச்சு வைக்கறேன்னு. அப்புறம் டிராகன் நல்லபடியா வந்துச்சு. எல்லாரும் கைதட்டினோம்."

"பசி?"

"அணைச்சது அணைச்சபடியே கிடக்கு. அவரும் மறந்துட்டார், நாங்களும் மறந்துட்டோம். இத்தனை மாசமா சாப்பாடே கேட்காத குதிரைகளோட மோதி மோதித் தோத்திருக்கேன்."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு குறும்பு படர்ந்தது. "நாளைக்கு ஆடப்போறது கடை வெர்ஷன்லதானே? பசி உண்டு. அவருக்குத் தெரியாது. அண்ணி, வாயைத் திறக்காதீங்க. மாட்டட்டும்."

"சொல்லணும்."

"எதுக்கு? அவர் விதி. அவர் மறதி."

"சொல்லாம ஜெயிச்சா, ஏதோ தவறிடுச்சு, திங்கட்கிழமை திரும்ப வெச்சுக்கலாம்பார். மேடமும் தலையாட்டுவாங்க. அப்புறம் அடுத்த வாரம், அதுக்கு அடுத்த வாரம்னு இழுக்கும். எனக்கு நாளையோட இது முடியணும். யாரும் வாய் திறக்க முடியாதபடி முடியணும்." ராணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துப் புது ஆட்டம் தொடங்கினாள். "இப்ப பசி தெரிஞ்ச ஜாக்கியா ஆடு. அளவாப் பிடி, பார்த்துப் பிடி."

அந்த ஆட்டத்தில் ராணி தோற்றாள்.

நாத்தனார் பரவவே இல்லை. தலைநகரைச் சுற்றிக் களஞ்சியங்களை நிரப்பிக்கொண்டு, ராணி பொறுமை இழந்து வெளியே வந்த நேரம் பார்த்து நசுக்கினாள். நசுக்கிவிட்டு அவளே வருத்தப்பட்டாள். "பார்த்தீங்களா? தெரிஞ்சவங்ககிட்ட தோக்கறீங்க. இப்பவும் சொல்லத்தான் போறீங்களா?"

"ஆமா. எங்கே தப்புப் பண்ணினேன்னு பார்க்கணும். இன்னொரு ஆட்டம் உட்காரு."

"துணி?"

"உங்க அண்ணன் மடிக்கட்டும்."

அண்ணன் மடித்தான். சமையலையும் அவனே பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை தண்ணீர் எந்திரத்தின் அருகே ராணி ஜாக்கியை மடக்கினாள்.

"ஜாக்கி, ஒரு விஷயம். சோதனை வெர்ஷன்ல பசி அணைஞ்சு கிடக்கு. டிராகனுக்காக அணைச்சீங்களே, அது. கடை வெர்ஷன்ல பசி உண்டு. ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க."

ஜாக்கி பாட்டிலை நிரப்பிக்கொண்டே சிரித்தான். "நான் எழுதின விதி. எனக்குத் தெரியாதா? டிராகன் வேலை முடிஞ்ச அன்னிக்கே திரும்பப் போட்டுட்டேன்."

"போடலை. நீங்க கடைசியா சிவப்புக் கிண்ணத்தை எப்பப் பார்த்தீங்க?"

"என் ஆளுங்க ஏன் பசியோட இருக்கப்போறாங்க? நான் நல்லா ஆடறேன், அதனால கிண்ணம் வரலை." பாட்டிலை மூடினான். "எதிராளியைக் குழப்பறது நல்ல தந்திரம்தான் ராணி. ஆனா இந்த மாதிரி ஆட்டமெல்லாம் பத்து வருஷமா ஆடறவன்கிட்ட வேற ஏதாவது முயற்சி பண்ணுங்க."

"குழப்பலை. சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

"கேட்டுட்டேன்." அவன் விசிலடித்தபடி போனான்.

மத்தியானம் கூட்ட அறையில் நிற்கக்கூட இடமில்லை. கீழே ஓடுகள் விற்பவர்கூட எதையோ கேட்க வந்து அப்படியே நின்றுவிட்டார். மேஜையின் இரு முனைகளில் இருவரும், நடுவில் முதலாளியம்மாவும் உட்கார்ந்தார்கள். சுவரில் பெரிய திரை. ஒரு மூலையில் குதிரைக்காரர்களின் வெள்ளைக் கோட்டை, எதிர் மூலையில் சேற்றுக்காரர்களின் மிதக்கும் நகரம், நடுவில் வளைந்து வளைந்து ஓர் ஆறு.

ஜாக்கி வழக்கம்போலப் புயலாகக் கிளம்பினான். முறைக்கு இரண்டு கட்டம். வெள்ளைக் கொடிகள் சரசரவென்று பரவின. ராணி ஆற்றோரமாகத் தண்ணீரைத் திறந்தாள். காத்திருந்தாள். கொடி நட்டாள். மறுபடி திறந்தாள். அவளுடைய மண் அகலமாகப் பரவவில்லை. ஜாக்கி இன்னும் தொடாத ஆற்றை ஒட்டி ஒரு நாக்குபோல நீண்டு அவன் கோட்டைப் பக்கம் வரை போனது.

இரண்டு படைகளும் தொட்டுக்கொண்ட இடத்தில் வழக்கமாக ராணி பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போடுவாள். இன்று காவல்காரர்களைப் பின்வாங்கச் சொன்னாள். நாக்கின் நுனியிலிருந்த ஈரக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

"ராணி, பயந்துட்டீங்களா?" என்று சத்தக்காரர் குனிந்து கிசுகிசுத்தார். "நம்ம துண்டு சத்தத்தைக் காப்பாத்துங்கம்மா."

ஜாக்கி அந்தக் கட்டங்களில் கொடி நட்டான். "தானம் பண்றீங்களா?"

"எடுத்துக்கோங்க."

அடுத்த முறையும் அவள் விட்டுக்கொடுத்தாள். அதற்கடுத்த முறையும் அப்படியே. ஜாக்கி அள்ளிக்கொண்டே வந்தான். ஈரமான கட்டம் என்றென்றைக்கும் ஈரம்தான். சேற்றுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே எதுவும் விளையாது. ஆனால் கொடி எண்ணிக்கையில் அது ஒரு கட்டம். ஜாக்கி எண்ணிக்கையைப் பார்த்தான். ராணி அவன் பிடித்த ஒவ்வொரு கட்டத்திலும் நிற்கும் வாயைப் பார்த்தாள்.

ஓடு விற்பவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். முடிந்துபோன ஆட்டம் என்று அறை நினைத்துக்கொண்டது தெரிந்தது. ராணி கட்டங்களை எண்ணினாள். மிதக்கும் நகரம் இன்னும் ஆறு கட்டத் தொலைவில். கிண்ணம் எங்கே?

வந்தது. ஆற்றின் வளைவில் நின்ற ஒரு குதிரைக்காரன் தலைக்கு மேல் குட்டியாக, சிவப்பாக.

"அது என்ன?" என்றாள் முதலாளியம்மா. "தலை மேல பொட்டு மாதிரி."

"காலிக் கிண்ணம் மேடம். பசி."

"நான் பார்த்ததே இல்லையே."

"ஆபீஸ்ல ரொம்ப நாளா யாரும் பார்க்கலை."

ஜாக்கியின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. இன்னொரு கிண்ணம் வந்தது. பிறகு வரிசையாக வந்தது. ஆற்றோரம் முழுக்கத் தட்டம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. அவன் காது மடல்கள் சிவந்தன.

"காலையில சொன்னீங்க" என்றான்.

"சொன்னேன்."

"டிராகன் வேலைக்கு அப்புறம் நான் அதை..." அவன் முடிக்கவில்லை. முதலாளியம்மா அவனையும் ராணியையும் மாறி மாறிப் பார்த்தாள். ராணி நாலு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள். யாரையும் குறை சொல்லவில்லை. தானும் மறந்ததைச் சேர்த்தே சொன்னாள்.

"அப்ப இத்தனை நாள் நாம பார்த்ததெல்லாம் தப்பா?" என்றாள் முதலாளியம்மா. "சரி, நிறுத்திடுவோமா? ஜாக்கி, நீங்க தயாராகிட்டு இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

இதற்குத்தான் ராணி பயந்தாள்.

"வேண்டாம் மேடம்" என்றான் ஜாக்கி. நாற்காலியை மேஜையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டான். "அவங்க முன்னாடியே சொன்னாங்க. நான்தான் காதுல போட்டுக்கலை. ஆடறேன்."

முகத்திலிருந்த அலட்சியம் போயிற்று. கண்கள் சுருங்கின. அறையில் இருந்தவர்களுக்கு இப்போதுதான் அவன் பத்து வருஷம் ஆடியவன் என்பது புரிந்தது.

"டிராகனை வளர்த்துடு, எல்லாத்தையும் கொளுத்திடும்" என்று பின்னாலிருந்து யாரோ யோசனை சொன்னார்கள்.

"அதுக்கு யார் சாப்பாடு போடுறது? உங்க டிபன் பாக்ஸைக் குடுங்க" என்றான் ஜாக்கி திரும்பாமல்.

அவன் வெள்ளைக் கொடிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். ஒரே முறையில் ஆற்றோரம் முழுவதையும் கைகழுவினான். காவலுக்கு நின்ற குதிரைகளை எல்லாம், கோட்டையில் நின்றவை உட்பட, ஒரே படையாகச் சேர்த்தான். பசித்த படை திரும்பிப் போனால் வழியிலேயே செத்துவிடும். முன்னால் போனால் சாப்பாடு இருக்கிறது, மிதக்கும் நகரத்தின் களஞ்சியத்தில். படை அந்தத் திசையில் திரும்பியது.

இதை ராணி எதிர்பார்க்கவில்லை. நாத்தனார் பதுங்கினாள். ஜாக்கி பாய்ந்தான்.

அவள் கை பழக்கப்படி காவல்காரர்களை நகரத்தைச் சுற்றி நிறுத்தப் போனது. இத்தனை மாதமும் அதைத்தான் செய்தாள். சுற்றி நின்று, காத்து, ஒவ்வொரு வட்டமாக இழந்து தோற்றாள். கையை எடுத்துக்கொண்டாள். திரையை மட்டும் பார்த்தாள்.

ஆற்றோரத்தில் ஜாக்கி பிடித்துவிட்டுப் போட்டுவிட்ட கட்டங்கள் கொடியில்லாமல் கிடந்தன. எல்லாம் ஏற்கெனவே ஈரம். தண்ணீர் திறக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். சேற்றுக்காரர்கள் தம் மண்ணில் நடப்பதுபோல நேராக நடந்து போகலாம். அந்தப் பாதை வெள்ளைக் கோட்டைக்கு இரண்டு கட்டம் முன்னால்தான் முடிந்தது.

"ஒருத்தன் நகரத்துல நில்லு. மத்தவங்க எல்லாரும் வாங்க" என்றாள் ராணி வாய்க்குள். ஆனால் அறைக்கே கேட்டது.

"ஒருத்தனா?" சத்தக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ராணி, வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போறீங்களே."

"வீட்டுக்கு ஒருத்தன் போதும். வர்றவன் பசியோட வர்றான்."

ஆற்றின் இரு கரைகளிலுமாக இரண்டு படைகளும் ஒன்றையொன்று கடந்து போயின. குதிரைகள் ஈரத்தில் இறங்கியதும் வேகம் இழந்தன. சேற்றில் முறைக்கு ஒரு கட்டம்தான். ஒவ்வொரு முறை முடியும்போதும் வரிசையில் நாலைந்து பேர் குறைந்தார்கள். ஜாக்கி அசரவில்லை. செத்தவர்கள் போக மீதியை இறுக்கிக் கட்டி நகர்த்தினான். ராணியின் ஆட்கள் ஆற்றோரமாக நடந்தார்கள். பாதை முடிந்த இடத்தில் உலர்ந்த மண். அவள் தண்ணீரைத் திறந்தாள். இனி காத்திருக்க வேண்டும்.

ஜாக்கி மிதக்கும் நகரத்தின் வாசலை ஒட்டி வந்துவிட்டான்.

ராணி கொடி நட்டாள். கடைசி உலர்ந்த கட்டத்தில் மறுபடி தண்ணீரைத் திறந்தாள். கோட்டையைத் தொட இன்னும் ஒரு முறை காத்திருக்க வேண்டும். ஆட்டம் ஜாக்கியின் கைக்குப் போனது.

அறையில் ஏ.சி. தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜாக்கி மிச்சமிருந்த குதிரைகளை நகரத்துக்குள் ஏவினான். எல்லோர் தலையிலும் சிவப்புக் கிண்ணம். எதிரே நாணல் ஈட்டியோடு ஒரே ஒரு சப்பை மூக்கன், வயிறு நிறையச் சாப்பிட்டவன், சொந்தச் சேற்றில் நிற்கிறவன். திரையில் தூசும் சேறும் பறந்தன. சத்தக்காரரின் ஈரத் துண்டுச் சத்தம் சட்டென்று அறை முழுக்க அறைந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

தூசு அடங்கியது. ஈட்டி முறிந்திருந்தது. சப்பை மூக்கன் நின்றுகொண்டிருந்தான்.

ஜாக்கி நாற்காலியில் சாய்ந்தான். கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "முடிங்க ராணி" என்றான். "நல்லா ஆடினீங்க."

அவள் கோட்டைக்குள் ஆட்களை அனுப்பினாள். வெள்ளைக் கொடி இறங்கியது. எக்காளம் முழங்கியது. திரை ஒரு கணம் இருண்டது. இனி ஜெயித்த இனத்தின் வெற்றிப் படம் வர வேண்டும்.

வந்தது வெறும் சாம்பல் நிறச் சதுரம். அதன் நடுவில் பொடி எழுத்தில், 'இங்கே படம் வரும்'.

அறை சிரிப்பில் வெடித்தது. சேற்றுக்காரர்கள் ஜெயிப்பார்கள் என்று யாருமே நினைக்காததால், அவர்களுக்கு வெற்றிப் படம் என்ற வேலையையே யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. மற்ற மூன்று இனத்துக்கும் பட்டாடையும் பல்லக்குமாகப் படங்கள் தயாராக இருந்தன.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அந்தச் சாம்பல் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜாக்கியிடம் திரும்பினாள். "சோதனை வெர்ஷன்ல பசியைப் போடுங்க. இப்பவே."

"போட்டுடறேன் மேடம். குதிரைக்காரங்களுக்குக் களஞ்சியம் ஏதாவது யோசிக்கணும். டிராகனும் பட்டினி கிடக்கும்."

"கிடக்கட்டும். அதுவும் உழைச்சுச் சாப்பிடட்டும்." அவள் எழுந்து நின்றாள். "ராணி, இந்தச் சதுரத்துல படம் எப்ப வரும்?"

ராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இன்னிக்கே வரும் மேடம்."

யார் கையைக் குலுக்கினார்கள், யார் முதுகில் தட்டினார்கள் என்று அவள் கவனிக்கவில்லை. தன் மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். திரையில் வெற்றுப் பக்கம் திறந்தது. பட்டாடை வேண்டாம், பல்லக்கு வேண்டாம். வெள்ளைக் கோட்டையின் உள்முற்றத்தை முதலில் வரைந்தாள், பளபளக்கும் பளிங்குத் தரையோடு. பிறகு பச்சையைக் குழைத்து, வாசலிலிருந்து அரியணை வரைக்கும் ஈரமான கால்தடங்களை ஒவ்வொன்றாகப் பதிக்கத் தொடங்கினாள்.